மலைக்கொரு தவளை

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், சாராயம் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் சில சின்னத் தவளைகள் கிடக்கின்றன. நிறமெல்லாம் வெளுத்து, பழம்புளி போலப் பழுப்பேறியவை. பிடித்த இடம் றம்பொடை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மலையேறுகிறவர்கள் அருவியைப் பார்க்க வண்டியை நிறுத்துவார்களே, அதே றம்பொடைதான். 1876க்கு முன்பே பிடித்துக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவை அவை. அனுப்பியவரும் சரி, வாங்கி அடுக்கி வைத்தவரும் சரி, இது தனி இனம் என்று நினைக்கவில்லை. மலைத்தவளைகளில் இன்னும் ஒன்று என்று குடுவை அலமாரிக்குப் போனது.

மதவ மீகஸ்கும்புர, கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட முதலானோர் அந்தக் குடுவையை மறுபடி திறந்து பார்த்து, இது வேறெந்தத் தவளையும் இல்லை என்று நிறுவி, 2007இல் பெயர் வைத்தார்கள். இன்று சூடோஃபிலாட்டஸ் மாயா என்று வழங்குகிறது. அதற்குள் இலங்கையின் நடுமலைக் காடு காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. எத்தனை தேடியும் மாயா உயிரோடு அகப்படவில்லை. ஆகவே அந்தக் கட்டுரையிலேயே, பெயர் வைத்த கையோடு, அழிந்துபோன இனம் என்றும் எழுத வேண்டியிருந்தது. பிறந்த சேதியும் இறந்த சேதியும் ஒரே தாளில். இதே கட்டுரையில் இன்னொரு தவளைக்கும் இதே கதிதான்: பார்டஸ் என்று பெயர், 1858க்கு முன் சேர்த்தது.

மாயா சேர்ந்த சூடோஃபிலாட்டஸ் என்ற புதர்த்தவளைப் பேரினத்தில் இலங்கையில் மட்டும் 70க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் 15க்கும் மேற்பட்டவை அழிந்தவை என்று பட்டியலிடப்பட்டுள்ளன. அபூர்வமாகச் சில திரும்பி வந்ததும் உண்டு. கெலார்ட் என்பவர் 1853இல் விவரித்த விண்மீன் புள்ளித் தவளை, சிவனொளிபாத மலைக் காட்டில் 2009இல் மீண்டும் கண்ணில் பட்டது. ஒன்றரை நூற்றாண்டாக அது எங்கும் போய்விடவில்லை. அந்த மலையிலேயே இருந்தது, தேடிப்போக ஆளில்லை.

தவளைகளை இனம் பிரிப்பது அருங்காட்சியக எழுத்தர்களின் வேலை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பெயரை ஒட்டுவது, எண் போடுவது, அலமாரியில் வைப்பது. மாயாவின் கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பத்து இனங்களை ஒரே பெயரில் போட்டுக் குழப்பினால், அவற்றில் எட்டு செத்தாலும் ஏட்டில் ஒன்றும் குறையாது. பெயர் இருக்கும், பெயருக்குரிய ஏதோ ஒரு தவளை எங்கோ கத்திக்கொண்டிருக்கும். நாமும் எல்லாம் நலம் என்று இருந்துவிடுவோம்.

தமிழில் இவ்வுயிர்களுக்கு மூன்று பெயர்கள் உண்டு: தவளை, தேரை, நுணல். நீரை ஒட்டி வாழ்வதைத் தவளை என்றும், சுவரோரத்திலும் கல்லிடுக்கிலும் பதுங்குவதைத் தேரை என்றும், மண்ணுக்குள் முழுகிக் கிடப்பதை நுணல் என்றும் பிரித்தவர்கள் வாழிடத்தைப் பார்த்தே பிரித்திருக்கிறார்கள். மருதநிலத்து வயலுக்கும் வாய்க்காலுக்கும் அது போதும். மலைக்குப் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் தவளை, தேரை, கால்களற்ற சிசிலியன் என்று 200க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்விகள் உள்ளன. மிகப் பெரும்பான்மை உலகில் வேறெங்கும் இல்லாதவை.

மலையில் ஏன் இவ்வளவு? தவளையின் தோலிலிருந்து அதற்கு விடை தொடங்குகிறது. அந்தத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், மூச்சில் ஒரு பங்கு அதன் வழியாகத்தான் போய்வருகிறது. தண்ணீரைத் தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. எளிதில் உறிஞ்சுகிற தோல் எளிதில் இழக்கவும் செய்யும். பனியும் சாரலும் நிறைந்த சோலைக்காட்டில் பிறந்த இரண்டு சென்டிமீட்டர் தவளைக்கு, வெயில் காயும் அடிவாரம் கடல் மாதிரி. இறங்கினால் காய்ந்துவிடும். ஆனைமுடி 2695 மீட்டர், தொட்டபெட்டா 2637 மீட்டர். இரண்டு உச்சியிலும் ஏறக்குறைய ஒரே குளிர், ஒரே மாதிரிச் சோலை, ஒரே மாதிரிப் புல்வெளி. ஆனால் நடுவில் பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். பொள்ளாச்சிப் பக்கம் காற்றை அனுப்பித் தென்னைகளை ஆட்டிவைக்கும் அந்தத் திறப்பைத் தவளையால் தாண்ட முடியாது. தெற்கே செங்கோட்டைக் கணவாய் அகத்தியமலையை இன்னொரு தீவாக வெட்டுகிறது. பனியூழிகளில் குளிர் இறங்கியபோது காடும் கீழே இறங்கித் தீவுகள் சில ஒட்டியிருக்கலாம், வெப்பம் ஏறியபோது மறுபடி பிரிந்திருக்கலாம். ஒட்டியும் பிரிந்தும் லட்சக்கணக்கான ஆண்டுகள். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் குடியேறி, பேச்சு மாறி, முகம் மாறி, கடைசியில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் போவதுபோல ஆகிவிட்டன அந்தத் தவளைகள்.

இதற்கு நல்ல சாட்சி காடிக்சாலஸ் என்ற ஓடைத் தவளை. 1853இல் ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நீலகிரியிலிருந்து இதை விவரித்தார். நிறம் ஆளுக்கு ஆள் மாறுவதால் வேரியாபிலிஸ் என்று பெயர். பழனிமலையில் இதே சாயலில் கிடைத்ததையும் அதே பெயரில்தான் அழைத்துவந்தார்கள். நிறம் மாறுவதுதான் இதன் இயல்பு என்று பெயரே சொல்லிவிட்ட பிறகு, வேற்றுமையைக் கண்டாலும் யார் சந்தேகப்படுவார்? 2008இல் பிஜு, ரோலண்ட்ஸ், போசைட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, கணவாய்க்குத் தெற்கே இருப்பது தனி இனம் என்று தெரிந்தது. அதன் கண்மணியைச் சுற்றி நட்சத்திரம் போலக் கோடுகள் ஓடுவதால் ஆஸ்டிராப்ஸ் என்று பெயர் பெற்றது. நீலகிரியில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிப் பழனிமலையில் ஓர் ஓடையை அழித்திருந்தால், அங்கே போனது வேறொன்று என்று 2008 வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜெர்டன் இன்னொன்றும் செய்தார். நீலகிரியிலிருந்தே ஒரு சின்னத் தவளைக்கு அவர் வைத்த பெயர் டின்னியன்ஸ். லத்தீனில் கிணுகிணுப்பது என்று பொருள். உருவத்தை விட்டுவிட்டு ஒலியைப் பெயராக்கியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மலைத்தவளைகளைத் தேடிப் போயிருக்கிறவர்களுக்கு அதன் நியாயம் புரியும். கொடைக்கானலில் ஒரு ஜூன் இரவு, சாரல் விட்ட கொஞ்ச நேரத்தில், சாலையோரப் புதரில் யாரோ கூழாங்கல்லை உரசுவதுபோல டிக் டிக்கென்று கேட்டது. டார்ச்சைத் திருப்பினேன், நின்றுவிட்டது. அணைத்தேன், ஒரு முழம் தள்ளிக் கேட்டது. முக்கால் மணிநேரம் ஒரே புதரைச் சுற்றினேன். கடைசிவரை அது கண்ணில் படவில்லை. பெண் தவளைக்கு அந்தத் தொல்லை இல்லை. தன் இனத்து ஆணின் துடிப்பு எத்தனை, இடைவெளி எவ்வளவு, சுருதி எது என்று அதன் காதுக்குத் தெரியும். அடுத்த புதரில் அச்சு அசலாக அதே உருவத்தில் வேறோர் இனம் கத்தினாலும் அது திரும்பாது. இனத்தின் எல்லையைத் தவளைகளே குரலால்தான் வகுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இன்று ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் மலையேறுவதில்லை. பதிந்த குரலைக் கணினியில் அலைக்கோடாக்கி, துடிப்புகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள்.

இந்தப் புதர்த்தவளைகளில் இந்தியப் பேரினத்துக்கு ராவோர்கெஸ்டஸ் என்று பெயர். ராவ் என்பது சி. ஆர். நாராயண ராவ். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர், தென்னிந்தியத் தவளைகளை முறையாக ஆராய்ந்த முதல் இந்தியர்களில் ஒருவர். 1937இல் ஒரே கட்டுரையில் பல தவளைகளுக்குப் பெயர் வைத்தார். ஆனால் அவர் சேர்த்து வைத்த மூலமாதிரிகள் பின்னாளில் தொலைந்துபோயின. ஓர் இனத்தை முதலில் விவரிக்கும்போது எந்த உடலைப் பார்த்து எழுதினார்களோ அதுதான் மூலமாதிரி. பிற்காலத்தில் வழக்கு வந்தால் அதுதான் தாய்ப்பத்திரம். பத்திரம் தொலைந்தால் நிலத்துக்கு எத்தனை பேர் உரிமை கோருவார்களோ, அத்தனை குழப்பம் அந்தப் பெயர்களுக்கும் வந்தது. அவர் குறிப்பிட்ட காட்டுக்கே மறுபடி போய், அவர் எழுதிய வரிகளோடு பொருந்தும் தவளையைத் தேடி, ஒவ்வொன்றாகச் சிக்கெடுக்க வேண்டியிருந்தது.

பேரினத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது 2010இல். அதற்குக் காரணமான தவளையே ஒரு விசித்திரம். ஆனைமுடியின் உச்சிப்பகுதியில், இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள், சில சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் கிடைத்தது. ஆரஞ்சு நிறம், உடம்பெங்கும் புடைத்த சுரப்பிகள், குட்டைக் கால்கள். மரத்திலோ புதரிலோ ஏறாமல் புல்லடியில் தவழ்கிறது. பார்த்தால் தேரை என்று சொல்லத் தோன்றும். புதர்த்தவளைக்குரிய எந்தச் சாயலும் வெளியில் இல்லை. டிஎன்ஏவைப் படித்தபோது அது புதர்த்தவளைக் குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்தது. உச்சியின் குளிருக்கும் காற்றுக்கும் புல்லுக்கும் ஏற்ப உடலை மாற்றிக்கொண்ட உறவுக்காரன். அந்த இனத்துக்கு ரெஸ்பிளெண்டென்ஸ், அதாவது ஒளிர்வது என்று பெயரிட்டார்கள்.

பழனிமலையில் ஒத்த உருவம் ஆய்வாளரை ஏமாற்றியது, ஆனைமுடியிலோ வேறுபட்ட உருவம். அப்படியானால் மரபணுவை மட்டும் நம்பிவிடலாமா? அதுவும் சரிப்படாது. இரண்டு மலைத் தவளைகளின் மரபணுவில் சில விழுக்காடு வேற்றுமை தெரிந்தால் உடனே இரண்டு இனம் என்று அறிவிக்கிற ஆசை ஒருபுறம் உண்டு. எவ்வளவு வேற்றுமை வந்தால் தனி இனம் என்பதற்கு இயற்கை கோடு போட்டு வைக்கவில்லை. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜயகுமார், கார்த்திக் சங்கர் முதலானோர் செய்த வேலை இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் ஒரு தவளையைக் கண்டு அதற்குப் பெயர் தேடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வொரு மலைக்கூட்டத்திலும், அடிவாரத்திலிருந்து உச்சிவரை வெவ்வேறு உயரங்களில் புதர்த்தவளைகளைத் திரட்டினார்கள். மரபணுவில் எது தனிக்கிளை, அந்தக் கிளை தனி நிலப்பகுதியில் இருக்கிறதா, உருவமும் குரலும் அதை ஆமோதிக்கின்றனவா என்று அடுத்தடுத்த சல்லடைகளில் சலித்தார்கள். 2014இல் ஒன்பது புதிய இனங்கள் வெளிவந்தன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சோனாலி கார்க், பிஜு குழு 2021இல் குரல், உருவம், மரபணு மூன்றையும் வைத்து இதே பேரினத்தை உறவுக் குழுக்களாகப் பிரித்து இன்னும் ஐந்து இனங்களைச் சேர்த்தது. 60க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பேரினம் இப்படித்தான் மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

இந்தச் சல்லடையில் எதிர்பாராதது சிக்குவதும் உண்டு. 2010இல் விஜயகுமார் குழுவினர் வயநாட்டின் குறிச்சியார் மலையில், சருகுக்கிடையில், கட்டைவிரல் அளவுத் தவளை ஒன்றைக் கண்டார்கள். கருத்த முதுகு முழுக்க வெளிர்நீலப் புள்ளிகள், வயிறு ஆரஞ்சு. பல ஆண்டுகள் கழித்து அதன் மரபணுவைப் பார்த்தபோது, நெருங்கிய உறவென்று சொல்ல ஒரு தவளையும் இல்லை. அதன் கிளை மற்றவற்றிலிருந்து ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்திருந்தது. டைனோசர்கள் மறைந்து உலகம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்ட்ரோபட்ராக்கஸ் குறிச்சியானா என்று 2019இல் பெயர் வைத்தார்கள், அந்த மலையில் வாழும் குறிச்சியர்களின் பெயரால். 6 கோடி ஆண்டு வரலாற்றுக்கு ஒரேயொரு வாரிசு, அறியப்பட்ட இடமோ ஒரேயொரு மலை.

பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது, எப்படி வாழ்கிறது என்று தெரிய வேண்டும். மலைச்சரிவில் மழைநீர் தங்காது, குளம் குட்டை அருமை. புதர்த்தவளைகள் அதற்கொரு வழி கண்டன. தலைப்பிரட்டைப் பருவத்தையே முட்டைக்குள் முடித்துக்கொள்கின்றன. இலையிலோ சருகடியிலோ இட்ட முட்டையிலிருந்து, வாலுள்ள மீன்குஞ்சு போன்றது வருவதில்லை, அரிசி அளவில் முழுத்தவளையே வெளிவருகிறது. ஆக இவற்றுக்குக் குளம் வேண்டாம், காற்றில் ஈரம் வேண்டும். மூடுபனி இரண்டு வாரம் விட்டுப்போனால் முட்டை காய்ந்துவிடும். மழையளவுப் புள்ளிவிவரத்தில் அந்த இரண்டு வாரம் தெரியவே தெரியாது.

களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஒரு புதர்த்தவளை இந்த ஈரத்தை மூங்கிலுக்குள் தேடிக்கொண்டிருக்கிறது. சலாசோடஸ் என்று அதற்குப் பெயர். தளிர்ப்பச்சை உடல், தொடையில் நீலம், கறுத்த கண்ணில் பொன்துகள். 1876இல் குந்தர் விவரித்தபின் நூறாண்டுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்து, மறைந்த தவளைகளைத் தேடும் இயக்கத்தில் மீண்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. கே. எஸ். சேஷாத்ரியும் குருராஜாவும் டேவிட் பிக்ஃபோர்டும் 2015இல் இதன் குடும்ப வாழ்க்கையை வெளியிட்டார்கள். நாணல் போல மெலிந்த ஒருவகை மூங்கிலில், ஏதோ பூச்சியோ கொறிவிலங்கோ உண்டாக்கிய கீறல் வழியே, உடம்பை நசுக்கிக்கொண்டு ஆண் உள்ளே நுழைகிறது. உள்ளிருந்தபடியே கூப்பிடுகிறது. பெண் வந்து உட்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் வெளிவரும்வரை தகப்பன்தான் காவல். அந்தக் காவல் எதற்கு என்று அறிய, சில மூங்கில் பொந்துகளிலிருந்து தகப்பனை அகற்றிப் பார்த்தார் சேஷாத்ரி. பல முட்டைகள் பிழைக்கவில்லை. பெரும்பாலும் அவற்றைத் தின்றது வேறு விலங்கில்லை, அதே இனத்தின் மற்ற ஆண்கள். வீடு கிடைக்காத ஆணுக்கு அடுத்தவன் பொந்து வேண்டும்.

இந்த ஒரு தகவல், காப்பாற்றும் முறையையே மாற்றிவிடுகிறது. காட்டை வெட்டாமல் வைத்து, மூங்கிலை மட்டும் கூடைக்கும் காகிதத்துக்கும் கண்மண் தெரியாமல் வெட்டினால் வனத்துறை வரைபடத்தில் காடு பச்சையாகத்தான் இருக்கும், தவளை இருக்காது. மூங்கிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் அங்கே உண்டு. முட்டையிடும் மழை மாதங்களை விட்டு வெட்டுவது, கீறல் விழுந்த தண்டுகளை நிறுத்தி வைப்பது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்யக்கூடிய விஷயங்கள் இவை.

ஆனைமுடித் தவளைக்கு வேண்டியதோ புல். மரம் நடுவது எங்கேயும் புண்ணியம் என்று நாம் பழகிவிட்டோம். நீலகிரியிலும் பழனிமலையிலும் அந்தப் புண்ணியம் செய்த பாவத்தைக் கண்ணால் காணலாம். சோலையும் புல்வெளியும் மாறிமாறி அமைந்த மேட்டுநிலத்தைத் தரிசு என்று எண்ணி, முதலில் வெள்ளையரும் பிறகு நாமும் சீகையையும் கற்பூர மரத்தையும் பைனையும் நட்டோம். சீகை தானே பரவி இன்றும் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் நிழல் இருக்கிறது, ஆனால் சோலையின் சருகும் பாசியும் ஈரமும் இல்லை. தமிழ்நாடு அரசு அயல்தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் 2022இல் கொள்கை வகுத்திருக்கிறது. வேகம் கூட வேண்டும் என்பது என் ஆசை. அதே நேரம், அகற்றுவதையும் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஒரே நாளில் மொத்தச் சரிவையும் மொட்டையடித்தால், சீகைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தவளைகளும் வெயிலில் காயும்.

உலகத் தவளைகளின் நிலையை 2023இல் நேச்சர் இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. 8011 நீர்நில வாழ்வி இனங்களைப் பார்த்ததில் 40.7 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. 2004க்குப் பிறகு நிலை மோசமானவற்றில் 39 விழுக்காட்டுக்குப் பருவநிலை மாற்றமே முதன்மைக் காரணம். அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை பெருஞ்சாவை உண்டாக்கியது. உலகெங்கும் 501 இனங்கள் அதனால் குறைந்ததாகவும் 90 இனங்கள் அழிந்துபோனதாகவும் 2019இல் கணக்கிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தப் பூஞ்சை இருக்கிறது, அத்தகைய சாவு பதிவாகவில்லை. இங்கே மலைத்தவளைக்கு வெப்பம்தான் பெரிய அச்சம். சூடு ஏறினால் அடிவாரத்து உயிர் கொஞ்சம் மேலே ஏறலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

இந்த மதிப்பீடுகளில் ஒரு பெட்டி உண்டு, தரவு போதாதவை என்று. புதிதாகப் பெயர் பெற்ற மலைத்தவளைகள் பல அதில்தான் முதலில் விழுகின்றன. ஆபத்து இல்லை என்பது அதன் பொருளன்று. ஆனால் சாலை, அணை, சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும் கோப்பில் அப்படித்தான் வாசிக்கப்படுகிறது. தேனி மாவட்ட மேகமலையின் மணலாற்றுப் பெயரைத் தாங்கிய இரவுத்தவளைக்கு 2017இல்தான் பெயர் கிடைத்தது. வளர்ந்த பிறகும் கட்டைவிரல் நகத்தில் உட்காரும். பகலிலும் சிள்வண்டு போலக் கத்தும் இந்த வகைக் குட்டித்தவளைகளைப் பூச்சி என்று எண்ணியே அத்தனை காலம் கடந்து போயிருக்கிறார்கள். பெயர் கிடைத்தபின் செய்ய வேண்டியது நிறைய: எங்கெங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எப்போது முட்டையிடுகிறது. இதற்குப் பத்தாண்டு ஒரே ஓடையருகே உட்கார ஆள் வேண்டும். புதிய இனத்துக்கு நாளிதழில் படம் வருகிறது, பத்தாண்டுக் கணக்கெடுப்புக்கு வருவதில்லை.

பெயர் பரவுவதில் ஒரு தீங்கும் இருக்கிறது. வால்பாறை முதல் மதிகெட்டான் சோலை வரை சில காடுகளில், விழுந்து மக்கும் மரக்கட்டைக்கு அடியில் வாழும் கருந்தவளை ஒன்று உண்டு. 1878இல் பெடோம் விவரித்த மெலனோபட்ராக்கஸ். கருமையில் வெண்ணீலப் புள்ளிகள் தெறித்திருப்பதால் பால்வீதித் தவளை என்று இணையத்தில் புகழ் பெற்றுவிட்டது. படமெடுக்க வருகிறவர்கள் கட்டையைப் புரட்டுகிறார்கள், தவளையைக் கையிலெடுத்து வசதியான பாசியில் வைக்கிறார்கள், கட்டையை இருந்தபடி திரும்ப வைக்காமல் போகிறார்கள். பல ஆண்டுகள் மக்கி உருவான ஈரம் ஒரு பகலில் ஆவியாகிவிடும். சரியான இடத்தை வெளியிடாமல் மறைப்பது இப்போது ஆய்வாளர்களிடம் வழக்கமாகி வருகிறது. அறிவியலுக்கு இடக்குறிப்பு உயிர்நாடி, றம்பொடை என்ற சொல் மட்டும் குடுவையோடு இல்லாவிட்டால் மாயாவின் கதையே இல்லை. அதே குறிப்பை இன்று பூட்டி வைக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருந்தாலும், நான் பூட்டுகிறவர்கள் பக்கம்தான்.

கடைசியாக நுணலுக்கு வருகிறேன். 1910களின் இறுதியில் ஆனண்டேலும் நாராயண ராவும் மலையோடைப் பாறைகளில் உறிஞ்சுவாயால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தலைப்பிரட்டையைப் பற்றி எழுதினார்கள். எவ்வளவு வேகமான நீரிலும் பிடி விடாது. அதன் தாய்தகப்பன் எது என்று யாருக்கும் தெரியவில்லை. 2003இல் பிஜுவும் போசைட்டும் இடுக்கியிலிருந்து ஊதாத் தவளையை உலகுக்குக் காட்டினார்கள். ஊதிய பந்து போன்ற உடல், பன்றி மூக்கு, மண்ணுக்குள்ளேயே கறையான் தின்று வாழ்வது. நெருங்கிய உறவு 3000 கிலோமீட்டர் தள்ளி, சேஷல்ஸ் தீவுகளில். இந்தியத் தட்டு அந்தத் தீவுகளோடு ஒட்டியிருந்த காலத்து உறவு அது. ஆண்டில் சில நாள், மழை தொடங்கும்போது மட்டும் வெளியே வந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். மாவேலி மன்னனைப் போல வருடத்துக்கு ஒருமுறை வருவதால் கேரளத்தில் சிலர் மாவேலித் தவளை என்கிறார்கள். அனாதையாகக் கிடந்த தலைப்பிரட்டைக்கு இப்படித்தான் பெற்றோர் கிடைத்தார்கள்.

மேற்குச் சரிவில் மட்டும் என்று நினைத்திருந்தபோது, 2017இல் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்கு அருகே, இரண்டாவது இனத்தை அறிவித்தார்கள். இரு சரிவுகளுக்கும் மழைக்காலம் வேறு. மழையை நம்பி மண்ணைவிட்டு வரும் தவளைக்கு, மழை மாறினால் நாள் மாறும். நாள் மாறினால் சந்திப்பே இல்லை. மலைத்தொடரின் ஒரு முகடு இரண்டு பருவமழைகளைப் பிரிப்பதுபோல இரண்டு தவளைகளையும் பிரித்திருக்கலாம் என்பது அறிவித்தவர்களின் கருத்து.

அந்த இரண்டாவது இனத்துக்குப் பூபதி என்று பெயர். கோவை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்த சு. பூபதி 2014 ஏப்ரலில் அகத்தியமலையில் களப்பணியில் இருந்தபோது விழுந்து இறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து இறங்கும் ஓடையில் மழை தொடங்கியபின், வழுக்குப் பாறைகளில், வெள்ளத்துக்கு எதிராக வாயால் ஒட்டிக்கொண்டிருக்கும் கருத்த தலைப்பிரட்டைகள் இப்போது அவர் பெயரில்தான் இருக்கின்றன.